பக்கவாத்தியக்காரர்களுக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததிலிருந்து தங்கள் நாளிதழில் வரும் அன்றாடக் கச்சேரிப் பட்டியலைத் தவறாமல் படித்து வருகிறேன். பாடுகிறவர் பெயர், சபா, நேரம் எல்லாம் பிழையில்லாமல் வருகின்றன. வயலின், மிருதங்கம், கடம் வாசிக்கிறவர்களின் பெயர்களைத்தான் காணோம். 'குழுவினர்' என்ற ஒரு சொல்லுக்குள் எங்கள் அத்தனை பேரையும் அடைத்துவிடுகிறீர்கள். விமர்சனம் வெளியானால் கடைசி வரியில் 'பக்கவாத்தியம் கச்சிதம்' என்று இருக்கும். யார் வாசித்தது என்று அதிலும் இருக்காது.

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். ஆண் பாடகருக்குத் தாழ்ந்த 'தக்கு' சுருதி, பெண் பாடகருக்கு உயர்ந்த 'ஹெச்சு' சுருதி என்று தனித்தனி வாத்தியம் வேண்டும். ஒரே நாளில் இரண்டு கச்சேரி அமைந்தால் இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். குளிரூட்டிய அரங்கில் போய் உட்கார்ந்தால் சேர்த்து வைத்த சுருதி நிற்காது. திரை விலகுவதற்குள் தொப்பி எனும் இடப்பக்கத்தில் ரவையை அப்பி, கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். வலந்தலை எனும் வலப்பக்கம் பழுதானால் மூட்டு எனும் தோல் பாகத்தை மாற்றும் செலவு எங்களுடையது. சில மாதங்களில் வாங்கிய சன்மானம் அதற்கே சரியாகிவிடும்.

ஆகவே சோறு போடுவது பாடம் சொல்லித் தருவதுதான். விடியற்காலையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். ஒலி சற்றுப் பிந்தி வருவதால் சேர்ந்து வாசிக்க வழியில்லை. நான் தாளம் போட்டால் அது பையனுக்குத் தாமதமாகக் கேட்கிறது, அதற்கு அவன் வாசிப்பது இன்னும் தாமதமாக எனக்கு வந்து சேர்கிறது. அவன் கோர்வை எனும் தாளக் கோவையை முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு அப்புறம் திருத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஆசிரியரைத் தேடும்போது, இந்தப் பருவத்தில் எந்த மேடையில் யாருக்கு வாசித்தார் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பத்திரிகையில் பெயர் வராதவன் அவர்கள் கணக்கில் வாசிக்காதவன்.

ஒலிப்பதிவுக் கதையும் இதுதான். கேசட் காலத்தில், 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். இடம் போதாவிட்டால் முதலில் கத்தரி விழுந்தது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தில். ஒரு தொகையைக் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், அத்தோடு சரி. ஆனாலும் அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்திலாவது எங்கள் பெயர் இருந்தது. அதே பதிவுகள் இன்று கைபேசிச் செயலிகளில் வலம் வருகின்றன. பலவற்றில் பாடகர் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

சட்டம் இதில் எங்கள் பக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை தந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ, இன்னார் நிகழ்த்தியது என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்தது. நிகழ்த்துகலைஞர் யார் என்ற விளக்கத்தில் பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் தொடங்கிப் பாம்பாட்டிவரை வரிசையாக இடம் பெறுகிறார்கள். பாம்பாட்டிக்கு உள்ள மரியாதை கடக்காரருக்கும் உண்டு என்றுதானே பொருள்?

வானொலி இதை எப்போதோ செய்துவிட்டது. கச்சேரியை அறிவிக்கும்போது வயலின் யார், மிருதங்கம் யார் என்று பெயர் சொல்லியே அறிவிப்பார்கள். வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பாடகர்களைப் போலவே பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களும் மனப்பாடம். மற்ற இடங்களில் எல்லாமே தாமதம்தான். சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல், மிருதங்கத்துக்கு முதன்முதலாக அதன் உயரிய விருதான சங்கீத கலாநிதி கிடைத்தது 1966-இல், அதுவும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு! அவருக்கே அத்தனை காலம் பிடித்தது.

பத்திரிகையில் இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். விமர்சனத்தில் 'செவிக்கு விருந்து', 'தேனாகப் பொழிந்தார்' ஆகிய இரண்டை நீக்கினாலே மூன்று பெயர்கள் தாராளமாக அடங்கும். தம்புரா மீட்டுகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் விரல் ஓயாமல் மீட்டிவிட்டுப் பொன்னாடைகூட இல்லாமல் இறங்கிப் போகிறவர் அவர்.

இந்தக் கடிதத்தின் கீழ் மட்டும் என் பெயரைப் போட வேண்டாம். சீசன் முடியவில்லை, எனக்கு இன்னும் கச்சேரிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
மிருதங்கக் கலைஞர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.