செயலியோடு ஒரு ஆளையும் தாருங்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். முன்பதிவு, பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, வீடியோ ஆலோசனை என எல்லாவற்றையும் ஏன் செயலிக்கு மாற்றினீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. விடியுமுன் வந்து டோக்கனுக்கு நின்ற காலத்தை நாங்களும் மறக்கவில்லை. ரிப்போர்ட் வாங்குவதற்காக மட்டும் இன்னொரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. செயலி வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. பதிவு கவுன்டரை மூடிய அன்றே, செயலியைச் சொல்லித்தர அதே இடத்தில் ஒருவரை உட்கார வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாததால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சென்ற வாரம் அம்மாவை அழைத்து வந்து காத்திருந்தபோது, பக்கத்து இருக்கைப் பெரியவர் போனை நீட்டி, "ஏம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றார். பிறந்த தேதி கேட்கும் பக்கத்தில் நின்றுபோயிருந்தார். உங்கள் செயலியின் நாள்காட்டி நடப்பு மாதத்தில்தான் திறக்கிறது. எழுபது வயதுக்காரர் மாதம் மாதமாகப் பின்னால் போனால் அம்புக்குறியை எண்ணூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். மேலே இருக்கும் ஆண்டைத் தொட்டால் ஆண்டுகளின் பட்டியல் வரும் என்பது யாராவது சொன்னால்தானே தெரியும்? அவர் பொறுமையாக அழுத்திக்கொண்டே போவார், விரல் தவறி வேறெங்கோ படும், மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் ஓடிபி. எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போனார். திரும்பி வருவதற்குள் செயலி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று கேட்டு வாங்கி, பதற்றத்தில் பழைய எண்ணையே போட்டார். ஏற்கவில்லை. கடைசியில் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆறு எண்களையும் என்னிடம் வாசித்தார். நான் போட்டேன். திறந்ததும் அவருடைய ரிப்போர்ட்டுகள் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. என்ன நோய், எந்த மருந்து என்று எல்லாம் தெரிந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் அவர் சொல்லியிருக்கிறாரோ இல்லையோ, முன்பின் தெரியாத எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எல்லோரும் அப்படித் திருப்பிக்கொள்வார்கள் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியிலேயே இருக்கிறது. பகிராமல் உள்ளே போக வழி தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? உதவிக்கு ஆள் வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது சொகுசுக்காக அல்ல. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவமனையின் கடமை. அந்தக் கடமை இப்போது காத்திருப்போர் கூடத்தில் யார் பக்கத்தில் இடம் கிடைக்கிறது என்பதை நம்பிக் கிடக்கிறது.

செயலியை உருவாக்கியவர்களிடமும் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி 2008லேயே சொல்லிவிட்டது: நேர வரம்பு வைத்தால் அதை நீக்கவோ மாற்றவோ நீட்டிக்கவோ வழி வேண்டும், நீட்டிப்பதானால் முன்கூட்டியே எச்சரித்து, அதற்குக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் செயலியிலோ வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. இதைப் படிக்கப்போவது யார்? கண்புரை வந்தவர், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், பார்க்கின்சன் என்ற நரம்பு நோயால் கை நடுங்குபவர். மருத்துவமனைச் செயலிக்கு வருபவர்களில் உடம்பு சரியில்லாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இதையும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் கோபம் வருகிறது.

எங்கே போனாலும் இப்போது இதே நிலைதான். வங்கியானாலும் சரி, மின்கட்டணமானாலும் சரி, முதலில் ஆளை எடுத்துவிடுகிறார்கள். தெரியாதவர் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டையோ கெஞ்ச வேண்டியிருக்கிறது. மற்ற இடங்களில் பணம் கட்டுவது ஒரு நாள் தள்ளிப்போகும். உங்களிடம் தள்ளிப்போவது சிகிச்சை. உங்கள் வாசலில் நிற்கும் காவலர்தான் இன்று பலருக்குச் சொல்லித்தருகிறார். அவருக்கு என் நன்றி. ஆனால் அது அவர் வேலை அல்ல.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு மேசையும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளரும் வேண்டும். அவர் போனை வாங்கித் தானே செய்து முடித்துக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும், நோயாளியின் விரலே தொடட்டும், ஓடிபியை நோயாளியே பார்த்துப் போடட்டும். இரண்டு தடவை அப்படிச் செய்தவர் மூன்றாம் தடவை வீட்டிலிருந்தே செய்துவிடுவார். உடன் இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கோ துணைக்கோ, நோயாளியின் சம்மதத்தோடு தனிக் கணக்கு கொடுங்கள்; வேண்டாம் என்றால் அதை நிறுத்தும் உரிமையும் நோயாளியிடமே இருக்கட்டும். ஸ்மார்ட்போனே இல்லாதவருக்கு அதே மேசையில் பெயரைப் பதிந்துகொடுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதியிலிருந்து ஆள் இருப்பார் என்பதை மூடிக்கிடக்கும் கவுன்டரில் பெரிய எழுத்தில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெறும் ஒரு தாயின் மகள்