பில்ஜ் தண்ணியும் மொஃப் பளிங்கும்: திருகோணமலை வளாகத்து கெமிஸ்ட்ரி சேர்மாருக்கு ஒரு திறந்த மடல்

கோணேசபுரி வளாகத்தில பிரயோக விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர்மார், மெடம்மார் எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருச ரிசர்ச்சுக்கு தலைப்பு தேடிக்கொண்டு திரியிற பிள்ளையளும் இத வாசிச்சா சந்தோசம்.

நான் போட் எஞ்சின் திருத்துறவன். ஏ லெவல்ல கெமிஸ்ட்ரி செய்தது, அதுக்குப் பிறகு எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் உள்ள தொடர்பு டீசல் மணக்கிற கைய சவர்க்காரம் போட்டுக் கழுவுறதோட சரி. 2025 கெமிஸ்ட்ரி நோபல் பரிச கிதகாவா, ரொப்சன், யாகி எண்ட மூண்டு பேருக்கு மொஃப் எண்ட ஒரு சாமானுக்காக குடுத்தாங்கள்தானே, அது என்ன சாமானெண்டு தேடி வாசிக்கப் போய், வாசிக்க வாசிக்க கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில கட்டியிருக்கிற பலநாள் போட்டுகள்தான் ஞாபகத்துக்கு வந்துது.

எஞ்சினுக்குக் கீழ தேங்குற பில்ஜ் தண்ணிய எத்தின பேர் குனிஞ்சு பாத்திருப்பீங்களோ தெரியாது. கடல் தண்ணி, டீசல், கழிவு ஒயில், கிறீஸ், ஐஸ் உருகி வந்த தண்ணி, மீன் ரத்தம், எல்லாம் ஒண்டாக் கலந்து கறுப்பா நிக்கும். பெரிய கப்பலெண்டா மார்போல் எண்ட, கப்பலால கடல் பழுதாகிறதத் தடுக்கிற சர்வதேசச் சட்டப்படி 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில 15 பங்குக்கு) மேல எண்ணெய் இருந்தா வெளிய விடேலாது, அதுக்கெண்டே பிரிக்கிற மெசின் பூட்டியிருப்பாங்கள். எங்கட போட்டுகளில அத வைக்க இடமுமில்ல, வாங்கக் காசுமில்ல, பம்பப் போட்டா எல்லாம் கடலுக்குத்தான். 2020 செப்டெம்பரில நியூ டயமண்ட் கப்பல் கிட்டத்தட்ட 270,000 தொன் மசகெண்ணெயோட கிழக்குக் கடலில எரியேக்க நாடே பதறினது, நல்ல காலம் அந்த மசகெண்ணெய் கொட்டேல்ல. ஆனா நாளாந்தம் சிரட்டை சிரட்டையா ஊத்துற எண்ணெய்க்கு நியூஸில இடமில்ல.

மொஃப் எண்டா உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, மற்ற ஆக்களும் வாசிப்பினம் எண்டபடியால சொல்றன். உலோக அயனுகள சேதன மூலக்கூறுகளால தொடுத்து எடுக்கிற பளிங்கு, உள்ளுக்கெல்லாம் ஒழுங்கா அடுக்கின துளை. துளை கனக்க இருந்தா மட்டும் காணாது, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 1999 இல வந்த மொஃப்-5 பேர்போன சாமான், ஆனா காத்தில இருக்கிற ஈரமே அதுக்குக் காணும், அதில இருக்கிற நாகத்துக்கும் (சிங்க்) ஒட்சிசனுக்கும் இடையில இருக்கிற பிணைப்பில தண்ணி போய்க் கை வைக்க பளிங்கு குலைஞ்சிடும். கச்சான் காத்தடிக்கிற மாசங்கள விட்டா எங்கட ஊர் எப்பவும் ஈரம்தான், இஞ்ச அது என்ன பாடுபடுமெண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த துளைப் பளிங்கான சியோலைட்டிலயும் இதே கதைதான். அலுமினியம் கூடினதெண்டா மின்னேற்றத்த சமப்படுத்த சோடியம் மாதிரி அயனுகள் உள்ளுக்கு நிக்கும், அதுகள் தண்ணிய இழுக்கும், அதாலதான் அத ஈரம் எடுக்கப் பாவிக்கிறது. அலுமினியம் இல்லாம சிலிக்காவால மட்டும் கட்டின சிலிக்கலைட் 1978 இல வெளிவந்தது, அது தண்ணிய விட்டுட்டு சேதனச் சாமான்களத்தான் எடுக்கும். துளைச் சுவரில ஆர் நிக்கிறான் எண்டதிலதான் எல்லாம் இருக்கு.

இனி சிஃப்-8 எண்ட மொஃபுக்கு வாறன். நாகமும் மெதைல் இமிடசோலும், அவ்வளவுதான். சாதாரண அறை வெப்பநிலையில மெதனோலுக்குள்ள ரெண்டையும் கலந்தாலே பளிங்கு விழும், பெரிய அடுப்பு ஒண்டும் தேவையில்ல. ஒரு கிராமில 1500 சதுர மீற்றருக்கு மேல உள் மேற்பரப்பு, அந்தச் சுவர் தண்ணியச் சேர்க்காது. 2006 இல வெளிவந்த ஆய்வில கொதிதண்ணிக்குள்ள 7 நாள் வச்சும் பளிங்கு உடையேல்லையாம். இத ஒரு ஸ்பொஞ்சில பூசினா தாமரை இலையில விழுந்த தண்ணி மாதிரி கடல் தண்ணி உருண்டு போகும், எண்ணெய் மட்டும் உள்ளுக்கு இறங்கும், பிழிஞ்செடுத்துட்டு திரும்பப் பாவிக்கலாம்.

இதில ஒரு விசயத்த ஆக்கள் குழப்புறாங்கள். டீசல் போய் சிஃப்-8 இன்ட துளைக்குள்ள நிறையிறதில்ல, அந்தத் துளை வாசல் வெறும் 0.34 நனோமீற்றர், கழிவு ஒயில் எப்பிடி உள்ளுக்குப் போறது? எண்ணெயப் பிடிச்சு வைக்கிறது ஸ்பொஞ்சின்ட பெரிய ஓட்டைகள், பளிங்கு மேல ஒரு கரடுமுரடான, தண்ணிய ஒட்ட விடாத தோலக் குடுக்குது. அப்ப ஸ்பொஞ்சுக்கு இவ்வளவு விலை கூடின தோல் தேவையோ எண்ட கேள்வி நியாயமானது. அதுக்குத்தான் உங்களக் கேக்கிறன், இலவம்பஞ்சையும் பக்கத்தில வச்சு ரெஸ்ட் பண்ணுங்கோ. இலவம்பஞ்சு நார்மேல இயற்கையாவே மெழுகு இருக்கு, தண்ணிய எடுக்காது, எண்ணெய எடுக்கும், தலகாணிக்குள்ள கிடக்கிற சாமான். அது வெண்டுதெண்டா அதையே பாவிப்பம், எனக்கு ஒரு வெக்கமுமில்ல. ஆனா வெளிநாட்டுப் பேப்பரில வாற மாதிரி சுத்தத் தண்ணியில நிறம் போட்ட ஹெக்சேன் எண்ட மெல்லிய கரைப்பான ஊத்திக் காட்டாதேங்கோ, எங்கட பில்ஜ் தண்ணியில செய்யுங்கோ. சவர்க்காரம் கலந்து பால் மாதிரி ஆன எண்ணெயில என்ன நடக்குது, மீன் ரத்தம் படிஞ்ச பிறகும் தண்ணி உருளுதா, நாகம் எவ்வளவு கழண்டு கடலுக்குப் போகுது, இதெல்லாம் தெரிய வேணும். சிஃப்-8 அமிலத்தில கரைஞ்சிடும், கனக்கத் தண்ணிக்குள்ள நாள்பட்டுக் கிடந்தாலும் மெல்ல மெல்லக் கரையும், அத மறைச்சுப்போட்டு மீன்பிடிக்கிற சனத்திட்டக் குடுக்க ஏலாது. புளோரின் பூச்சும் வேண்டாம். தண்ணிய நல்லாத் தள்ளும்தான், ஆனா அந்த வகை இரசாயனம் உக்காம எவ்வளவு காலம் கிடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிக் அமிலம் மாதிரி நீளமான காபன் சங்கிலி காணாதோ?

சீமெந்துப் பக்கம் ஆர்வமிருக்கிற ஆரும் இருந்தா கால்ஃப்-20 எண்ட மொஃபையும் பாருங்கோ. கனடாவில கல்கரியில உண்டான நாகப் பளிங்கு, புகையில ஈரம் இருக்கேக்கயும் தண்ணிய விட்டுட்டு காபனீரொட்சைட்டப் பிடிக்கும், கனடாவிலயே ஒரு சீமெந்துத் தொழிற்சாலைப் புகையில வச்சுப் பாத்தவங்கள். சீனக்குடாப் பக்கமும் சீமெந்துத் தொழிற்சாலை நிக்குதுதானே.

புல்மோட்டைக் கனிய மணல விட்டுட்டுப் போக மனசு வரேல்ல. இல்மனைட், ரூட்டைலோட சிர்க்கோனும் அந்த மண்ணில இருக்கு, சிர்க்கோனில இருந்து எடுக்கிற சிர்க்கோனியத்திலதான் யூஐஓ-66 எண்ட உறுதியான மொஃப் செய்யிறது, 2008 இல ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில வந்தது. அது தானாத் தண்ணியத் தள்ளாது, அதின்ட சேதனப் பகுதிய மாத்தித்தான் தள்ள வைக்க வேணும். சிர்க்கோன உடைக்கிறதும் லேசில்ல, காரத்தோட உருக்கி பிறகு அமிலத்தில எடுக்க வேணும். சிஃப்-8 தான் முதல், இது ரெண்டாவது குறூப்புக்கு. ஆனா எங்கட மாவட்டத்து மண்ணில இருந்து ஒரு கிராம் பளிங்காவது எங்கட லாப்பில செய்து பாக்காம விடுறது எனக்கெண்டா பொறுக்கேல்ல.

கேக்கிறது இவ்வளவுதான். ரெண்டு பிள்ளையள், ஒரு செமஸ்டர், மூண்டு சாமான்: சிஃப்-8 பூசின ஸ்பொஞ்ச், கடையில விக்கிற எண்ணெய் உறிஞ்சிற பொலிப்புரொப்பிலீன் பாட், இலவம்பஞ்சு. எது எவ்வளவு எண்ணெய எடுத்தது, எத்தின தரம் பிழியலாம், என்ன செலவு எண்டு தமிழில ஒரு பக்கத்தில எழுதி கொட்பேயில ஒட்டுங்கோ. பில்ஜ் தண்ணி நான் கானில தாறன், வேணுமெண்டா போட்டுக்காரரோடயும் கதைக்கிறன். மாரி தொடங்க முதல் வந்தாத்தான் கடலுக்குப் போய் வந்த உடன் எடுக்கிற தண்ணி கிடைக்கும், பிறகு கனக்கப் போட்டு சும்மா கட்டிக் கிடக்கும், நானும் எஞ்சின் கழட்டுற வேலையில மாட்டிடுவன்.

இப்படிக்கு,
போட் எஞ்சின் திருத்துற ஒருத்தன்,
திருகோணமலை