வலது கால் மடங்காதவருக்கு எந்த இருக்கை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான நிலையங்களில் சக்கர நாற்காலி கிடைக்கத் தாமதமாவதைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரை. ஆனால் அது விமானத்தின் கதவோடு நின்றுவிட்டது. கதவைத் தாண்டி உள்ளே போன மாற்றுத்திறனாளி எங்கே உட்காருகிறார், அந்த இடம் அவர் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை யாருமே பேசுவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் முழங்கால் மூட்டில் தொற்று வந்து, அறுவை சிகிச்சை செய்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். வலது கால் மடங்காது, எப்போதும் நீட்டியபடிதான் இருக்கும். கைத்தடி ஊன்றி நடப்பார், படியும் மெதுவாக ஏறிவிடுவார். சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் போவதென்றால் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் ஸ்லீப்பர் வகுப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று நான்கு படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இரண்டு கீழ்ப் படுக்கை, டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடும், துணைக்குப் போகிறவருக்கும் பக்கத்திலேயே இடம்.

மகனைப் பார்க்க தில்லிக்கு விமானத்தில் போனபோதுதான் சிக்கல். டிக்கெட் எடுக்கையில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டோம், சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டது, வேண்டும் என்று போட்டோம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் காலைப் பற்றி விளக்கமாகச் சொன்னதற்கு, விமான நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அங்கே போனால் நடுவில் எங்கோ ஒரு வரிசையில் டி இருக்கை. நடைபாதை ஓர இருக்கைதானே, வசதியாக இருக்குமே என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று என்று இருக்கைகள் இருக்கும் விமானத்தில் டி இருக்கைக்கு நடைபாதை இடது கைப் பக்கம் வரும். அக்காவுக்கு நீட்ட வேண்டியது வலது கால். அது உள்பக்கம், பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில்தான் போய் இடிக்கும். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே இருக்கும் இடம் இப்போதெல்லாம் 28 அங்குலம், 30 அங்குலம் என்ற அளவில்தான், அதில் நேராக நீட்டவும் வழியில்லை. எதிர்ப்பக்கம் இருந்த சி இருக்கை கிடைத்திருந்தால், வலது காலை நடைபாதை ஓரமாகச் சரித்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்து ஒருவாறு போயிருக்கலாம். சி இருக்கையில் இருந்தவரிடம் கேட்டோம், மாற மறுத்துவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் கூடுதல் பணம் கட்டி அந்த இடத்தை வாங்கியிருந்தார். ஒரு பயணியின் உரிமையை இன்னொரு பயணியின் இரக்கத்தில் விட்டுவைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. அக்கா இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒருக்களித்து உட்கார்ந்தே போனார், இறங்கியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இதைச் சொன்னால் பலரும் "முன் வரிசை கேட்டு வாங்க வேண்டியதுதானே" என்கிறார்கள். முன் வரிசை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. அக்காவைப் போலக் கால் மடங்காதவருக்கு முன் வரிசை நல்லதுதான். ஆனால் இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள், அவரை விமானத்துக்குள் போகக்கூடிய குறுகலான நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து, அதிலிருந்து பக்கவாட்டில் இருக்கைக்கு நகர்த்துவார்கள். முன் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ளேயே மடிந்திருப்பதால் அந்தக் கைப்பிடி மேலே எழாது, ஆளை அதற்கு மேலாகத் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது கைப்பிடி எழும்பும் வரிசை. நடைபாதை ஓரக் கைப்பிடியை விடுவிக்கும் சின்னப் பொத்தான் பல விமானங்களில் கைப்பிடியின் அடியில், பின்பக்க மூட்டுக்கு அருகே ஒளிந்திருக்கும். அது இருப்பதே தெரியாமல் ஆளைத் தூக்குகிற ஊழியர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் எங்கள் ஊர் விஷயம். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானம் வந்து போகிறது. பயணிகள் ஏறும் கதவு அதில் பின்பக்கம். முன் வரிசை என்று ஆசையாகக் கேட்டு வாங்கினால் விமானம் முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறவருக்கு அதில் கடைசி வரிசைகள்தான் பக்கம். அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும்தான், ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க முடிந்தவர்கள்தான் அங்கே உட்காரலாம் என்பது விதி, அந்த விதி சரியானதே. ஆக, எந்த உடம்புக்கு எந்த இருக்கை என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அதுவும் டிக்கெட் எடுக்கும்போதே.

நிறுவனங்களின் கணினியில் சக்கர நாற்காலிக்கே மூன்று குறியீடுகள் இருக்கின்றன. படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர்., படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.எஸ்., இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.சி. இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்தக் கால், எந்தப் பக்கம், கைப்பிடி எழும்ப வேண்டுமா என்று இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் சேர்ப்பது பெரிய காரியமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2012இல் கொல்கத்தாவிலிருந்து கோவா போக விமானத்தில் ஏறி அமர்ந்திருந்த, பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷ் இறக்கிவிடப்பட்டார், 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்ததற்காக ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் அபராதம் விழுந்தது. டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதன் பிறகு விதியைத் திருத்தி, மருத்துவர் கருத்தைக் கேட்காமல் நிறுவனமே ஒருவரை மறுக்கக் கூடாது என்றது. இதெல்லாம் போராடி வாங்கியவை, நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாமே ஏற்றுவதா மறுப்பதா என்பதைப் பற்றியவை. ஏற்றிக்கொண்ட பிறகு எப்படி உட்காரவைக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம் இல்லையா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரவர் தேவைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று சொல்கிறது. மடங்காத காலுக்குச் சரியான பக்கத்து இருக்கை தருவதைவிட நியாயமான, செலவில்லாத மாற்றம் வேறென்ன இருக்க முடியும்?

அமெரிக்காவில் 1986இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகளில், கால் மடங்காத பயணி கேட்டால் முன் தடுப்பை ஒட்டிய இருக்கையோ கால் நீட்ட இடமுள்ள வேறு இருக்கையோ, நடைபாதையின் எந்தப் பக்கம் அவருக்குப் பொருந்துமோ அந்தப் பக்கம் தர வேண்டும் என்று அப்படியே எழுதியிருக்கிறார்கள். வாங்கிய டிக்கெட்டின் வகுப்புக்குள்தான், மேல் வகுப்பு கேட்க முடியாது, அது சரி. அங்கே போய்வரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதி பொருந்தும். அதாவது தில்லியிலிருந்து நியூயார்க் போகும் நம் நாட்டு விமானத்தில் அக்கா எந்தப் பக்கம் வேண்டும் என்று உரிமையோடு கேட்கலாம். சென்னையிலிருந்து தில்லி போகையில் பக்கத்து ஆளைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இங்கேயும் மனமிருந்தால் முடியும். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே முன்பதிவில் வரும் பெற்றோர் ஒருவரின் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. சொன்னது. இருக்கையை விற்பனைப் பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது என்று அரசே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதே தெளிவு மாற்றுத்திறனாளிக்கும் அவர் துணைக்கும் வேண்டும். முன்பதிவுப் படிவத்திலேயே இருக்கைத் தேவையைக் கேட்க வேண்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது. முக்கியமாக, கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் கணினி எல்லோரையும் கலைத்துப் போடுகிறதே, அப்போது முதலில் மாற்றுத்திறனாளிகளை உட்காரவைத்துவிட்டு மற்றவர்களுக்கு இடம் போட வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் முன்கூட்டி உறுதி செய்து ஒரு பயனும் இல்லை.

பயணம் போகும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசுவதோடு விட்டுவிடாதீர்கள். "மாற்றுத்திறனாளி" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கால், மடங்குமா, கைப்பிடி எழும்ப வேண்டுமா, துணை யார் என்று எழுதுங்கள். பதில் வந்தால் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லையென்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்காக மத்திய அரசு நடத்தும் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடுங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கும் எழுதலாம்.

உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து பறக்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: வலது கால் மடங்காத பயணி டிக்கெட் எடுத்தால் அவருக்கு எந்த இருக்கையை, எப்போது, எவ்வளவு பணத்துக்குத் தருவீர்கள்? அவர்கள் சொல்லும் பதிலை நிறுவனத்தின் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி.