316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில் போட்டுத் தந்த கைப்பிடிக் குழாய் துருப்பிடித்தது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். குளச்சல் கடலோர வீட்டின் மாடிப்படிக்கும் பால்கனிக்கும் நீங்கள் போட்டுத் தந்த 38 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், ஏழே மாதத்தில் டீ சிந்தின மாதிரி பழுப்பேறிவிட்டது. ஐந்து தடவை போன், மூன்று தடவை நேரில் வந்தாயிற்று. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உப்புக்காற்றின் குளோரைடைத் தாங்குவதற்குத்தானே 304 ரகத்தை விட்டுவிட்டு அதற்குக் கூடுதல் பணம் கொடுத்தோம்? மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சோதனைத் திரவத்தை நான்கு இடத்தில் விட்டுப் பார்த்தாயிற்று. ஓரிடத்திலும் நிறம் மாறவில்லை.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர் போனில் சொன்ன பதில்: "காந்தம் ஒட்டல்லையில்லா? அப்ப ஒரிஜினல்தான். பளபளன்னுதானே தந்தோம், தேய்க்கத் தெரியல்லேன்னா நாங்க என்ன செய்ய? போனை வையும் ஓய்!"

மரியாதை போகட்டும், சொன்ன விஷயமே தவறு. 202, 304, 316 மூன்று ரகத்திலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. பளபளப்பும் சாட்சியாகாது. உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அடிப்பதால் வருவது அது. நன்றாகப் பாலிஷ் போட்டால் சாதா இரும்பும் கண்ணாடி போலத்தான் இருக்கும். வடசேரி கோயில் நகையில் வெள்ளியின் மேல் பதித்த தங்கம் காற்றோடு சேராது, அதனால் மங்காது. ஸ்டீல் அப்படியல்ல. மேலே சில நானோமீட்டர் கனத்தில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதற்குக் காவல். குளோரைடு அதைத் துளைத்த இடத்தில் ஊசிக்குழி விழும். எங்கள் பால்கனியில் கடலைப் பார்த்த பக்கம் முழுக்க அதுதான்.

கழிப்பறை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னவரும் அதே ஆள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது குளோரைடேதான்! ஒரு படியில் ஊற்றினதும் அந்த இடம் சாம்பல் நிறமாகிவிட்டது.

வெல்டிங்கை எழுத விட்டுவிட்டேன். மூட்டுகளில் நீலமும் பழுப்புமாகச் சூட்டுக்கறை அப்படியே நிற்கிறது. அதன் அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். அந்தக் கறையை நீக்கும் அமிலப் பசையான பிக்லிங் பேஸ்ட் தடவிக் கழுவாமல், இரும்புக் கேட்டைத் தேய்த்த அதே வீலால் மெருகேற்றினார்கள். இரும்புத்தூள் பதிந்தால் 316-லும் புள்ளி விழும்.

இதையெல்லாம்விட மனம் வெறுத்தது அந்த நாகர்கோவில் பயணம். கலவையைச் சோதிக்க 10 செ.மீ. துண்டு வெட்டிக் கொண்டுவரச் சொன்னீர்கள். நல்ல கைப்பிடியை அறுத்து, கொட்டுகிற மழையில் கொண்டுவந்தால், "மெஷின் ஆள் லீவு". அடுத்த வாரமும் அதே பதில். எக்ஸ்-கதிரால் கலவையைக் காட்டும் அந்த எக்ஸ்ஆர்எஃப் கருவி கையில் எடுத்து வரக்கூடியது, குழாயில் வைத்தால் சில நொடியில் கலவை தெரியும். வீட்டுக்கே கொண்டுவந்திருக்கலாமே! லட்சக்கணக்கில் போட்ட வீட்டின் முகமே போய்விட்டது.

தயவுசெய்து 15 நாளுக்குள் ஹீட் நம்பரோடு (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் எண்) ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டைத் தாருங்கள், வீட்டுக்கு வந்து கலவையைச் சோதியுங்கள், 316 இல்லையென்றால் முழுவதையும் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகும். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும். உங்கள் கடையில் பொறுமையாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை அனுப்பினால் அதற்கு அவசியமே இராது.

வெட்டித் தந்த துண்டு உங்கள் கிடங்கு மேசையில்தான் கிடக்கிறது. வரும்போது அதையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், குளச்சல்