அந்தத் தொகுப்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் இசைப் பக்கத்தில் அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அன்ட் ரோசஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் ஹார்டு ராக் பற்றி யார் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான், அதனால் முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு 2004இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு ஒன்றே போதும், குழுவின் மொத்தச் சாரமும் அதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் அது எப்படி வந்தது என்று பாருங்கள். குழுவின் புது ஆல்பமான ‘சைனீஸ் டெமாக்ரசி’ வரும் வரும் என்று அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியான கெஃபன் வருஷக்கணக்காகக் காத்திருந்தது, பணமும் கொட்டியது, ஆல்பம் வரவில்லை (கடைசியில் 2008 நவம்பரில்தான் வந்தது). அந்த இடைவெளியை நிரப்பத்தான் கம்பெனி பழைய பாட்டுகளை எடுத்து ஒரு சிடியாகப் போட்டது. குழுவில் அப்போது இருந்தவர்களிடமும் சம்மதம் வாங்கவில்லை, விலகிப் போனவர்களிடமும் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் பாடகர் ஆக்சல் ரோஸும் குழுவை விட்டுப் போயிருந்த கிட்டார்காரர் ஸ்லாஷும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள், அப்படிப்பட்டவர்களே, அவரைப்போலவே விலகியிருந்த பேஸ் கிட்டார்காரர் டஃப் மெக்கேகனோடு சேர்ந்து இதை வெளியிடக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும்! வழக்கு நிற்கவில்லை, மார்ச் மாதம் தொகுப்பு கடைக்கு வந்துவிட்டது.

சரி, எப்படி வந்தால் என்ன, பாட்டுகள் நல்ல பாட்டுகள்தானே என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிடுவோம். மொத்தம் 14 பாட்டு. அதில் 5 பாட்டு மற்றவர்களுடையவை: பாப் டிலன் பாட்டு ஒன்று, பால் மெக்கார்ட்னியின் ‘லிவ் அண்ட் லெட் டை’, டெட் பாய்ஸ் குழுவுடையது ஒன்று, ஸ்கைலைனர்ஸ் 1950களில் பாடிய ஒரு காதல் பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சிம்பதி ஃபார் த டெவில்’. அவர்கள் பேர் சொல்ல வைத்த முதல் ஆல்பமான ‘அப்பெட்டைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷ’னிலிருந்து எத்தனை? மூன்றே மூன்று. சொந்தமாக எழுதிய பாட்டுக்கு இவ்வளவு பஞ்சமில்லாத ஒரு குழுவுக்கு இது எப்படி மொத்தச் சாரம் ஆகும்?

விட்டுப்போனவற்றைச் சொன்னால் இன்னும் புரியும். ‘இட்ஸ் சோ ஈஸி’ இல்லை. ‘மிஸ்டர் பிரவுன்ஸ்டோன்’ இல்லை. 2016இல் ஸ்லாஷும் டஃப்பும் குழுவுக்குத் திரும்பியபிறகு நடந்த கச்சேரிகள் பெரும்பாலும் இந்த இரண்டு பாட்டுகளில்தான் ஆரம்பித்தன, அதாவது எங்களை இங்கிருந்து கேளுங்கள் என்று அவர்களே காட்டிய இடம் அது. ‘நைட்ரெயின்’ இல்லை, ‘ராக்கெட் குயீன்’ இல்லை, ‘எஸ்ட்ரேஞ்ச்டு’ இல்லை. ‘நவம்பர் ரெயின்’ இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விஷயம். ஆக்சலின் குரலையும் ஸ்லாஷின் தொப்பியையும் தெரியாதவர் கிடையாது, ஆனால் அந்தக் குழுவின் நடை இஸ்ஸியின் ரிதம் கிட்டாரிலும் ஸ்டீவன் ஆட்லரின் டிரம்ஸிலும் இருந்தது. ஹெட்போன் போட்டு ‘அப்பெட்டைட்’ கேட்டுப் பாருங்கள், ஒரு காதில் இஸ்ஸி தளர்வாக, கொஞ்சம் விட்டு விட்டு வாசித்துக்கொண்டே போவார், இன்னொரு காதில் ஸ்லாஷ் தடித்த சத்தத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வருவார், இரண்டுக்கும் நடுவில் ஆட்லரின் தாளம் ஒரு துள்ளலோடு ஓடும். ‘நைட்ரெயின்’ ஆரம்பத்தில் அவர் தட்டுகிற அந்த மணிச் சத்தம் ஒன்றே போதும். ஆட்லரை 1990இல் நீக்கினார்கள், இஸ்ஸி 1991இல் விலகினார். தொகுப்பின் கடைசி மூன்று பாட்டுகளும் இந்த இரண்டு பேரும் இல்லாத காலத்தவை. அதிலும் முடிவில் வருகிற ‘சிம்பதி’ 1994இல் ஒரு படத்துக்காகப் பதிவானது, ஸ்லாஷ் வாசித்ததன் மேலேயே இன்னொருவரின் கிட்டாரை ஏற்றிவைத்து அவரைக் கசப்பில் தள்ளிய பாட்டு, இரண்டே வருஷத்தில் அவர் வெளியேறிவிட்டார். புதிதாக வருகிற ஒரு பிள்ளை இதைக் கேட்டு முடிக்கும்போது காதில் கடைசியாக நிற்பது உடைந்துகொண்டிருக்கிற ஒரு குழுவின் சத்தம்.

அதற்குப் பதில் 1987 ஜூலையில் வந்த அந்த முதல் ஆல்பத்தைக் கையில் கொடுங்கள். பன்னிரண்டே பாட்டு. எல்பி இசைத்தட்டில் ஏ பக்கம், பி பக்கம் என்று போடாமல், குழுவின் பேரில் இருக்கிற கன்ஸ், ரோசஸ் முதலெழுத்துகளை எடுத்து ஜி பக்கம், ஆர் பக்கம் என்று போட்டிருப்பார்கள். ஜி பக்கம் முழுக்கத் தெருவும் போதையும் பணமில்லாத லாஸ் ஏஞ்சலஸ் வாழ்க்கையும். ‘வெல்கம் டு த ஜங்கிள்’ அடித்துத் திறந்த கதவில் ‘இட்ஸ் சோ ஈஸி’ வந்து மோத வேண்டும், அப்புறம் ‘நைட்ரெயின்’, இப்படி ஏறிப் போய் ‘பாரடைஸ் சிட்டி’யில் முடிந்தால்தான் அந்தப் பாட்டின் கடைசி ஓட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. தொகுப்பிலும் ‘பாரடைஸ் சிட்டி’ இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ‘பேஷன்ஸ்’ என்ற மென்மையான அக்குஸ்டிக் பாட்டை வைத்திருக்கிறார்கள், அது தனியாக எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஏறிவந்த சூடு அங்கே ஆறிப்போகிறது. ஆர் பக்கத்தின் முடிவில் ‘ராக்கெட் குயீன்’ ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், முதல் பாதி முரட்டுத்தனம், பிறகு பாட்டே திரும்பி ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிக்கும். இவ்வளவு கோபத்துக்குள் இவ்வளவு கனிவு இருந்ததா என்று கேட்கிறவர் நின்றுவிடுவார். அந்த இடத்துக்கு எந்தத் தொகுப்பும் கூட்டிப்போகாது.

விற்பனையைச் சொல்வீர்கள் என்று தெரியும். இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் வந்த வாரமே மூன்றாமிடம், அதற்கப்புறமும் பட்டியலை விட்டு இறங்காமல் வருஷக்கணக்காக ஓடிய தொகுப்பு இது, மறுக்கவில்லை. ஆனால் ‘அப்பெட்டைட்’ வெளியாகி ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, 1988 ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஜனங்கள் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அதை மேலே ஏற்றினார்கள். ஏசி/டிசி குழு தங்கள் ஆல்பங்களை இப்படிப் பிரித்து ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் போடவே இல்லை, அதனால் அவர்களுக்கு ரசிகர்கள் குறைந்துவிட்டார்களா?

2025 மே மாதம் ஆக்சல், ஸ்லாஷ், டஃப் மூவரும் மும்பையில் ஒரே மேடையில் வாசித்துவிட்டுப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு இப்போதுதான் தேட ஆரம்பிக்கிற பிள்ளைகள் உங்கள் இதழைப் புரட்டுவார்கள். இசைப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரையை ‘அப்பெட்டைட்’ ஆல்பத்துக்கே ஒதுக்கி, பன்னிரண்டு பாட்டையும் அந்த வரிசையிலேயே எடுத்துப் பேசும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இஸ்ஸி பற்றித் தனியாக இரண்டு பத்தி வந்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி