பாப்பாபட்டியின் நாற்காலி

உசிலம்பட்டி

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்களுக்கு இங்கே மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது.

ஊராட்சித் தேர்தலைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பாப்பாபட்டி ஞாபகம்தான் வந்தது. மாசிப் பச்சைக்கு ஒச்சாண்டம்மன் கோயிலில் கூடுகிற கூட்டத்தில் பாதி நம் சொந்தபந்தம். அந்த ஊரில்தான் 10 வருஷம் தலைவர் நாற்காலியில் ஒருவரை உட்கார விடவில்லை.

1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர்ப் பக்கம் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நாலு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பட்டியல் சாதிக்காரர் தலைவராவதை நம் ஆட்கள் ஏற்கவில்லை. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஒரு தடவை வேட்புமனு போட ஆள் வராது. இன்னொரு தடவை ஊர்ப் பெரியவர்களே ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். 2006 வரை இதே கதை. பயம் வெறும் பேச்சில்லை. மேலூர்ப் பக்கம் மேலவளவில், இதே மாதிரி ஒதுக்கப்பட்ட பதவிக்கு ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்த 5 பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு மனுப் போடத் துணிகிறவனின் வீட்டில் அன்று இரவு யார் தூங்கியிருப்பார்கள்?

2006 அக்டோபர் தேர்தலில்தான் முடிச்சு அவிழ்ந்தது. மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் இரண்டு தரப்பிலும் உட்கார்ந்து பேசினார். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அதற்கு முன்பிருந்தே விடாமல் குரல் கொடுத்து வந்தார்கள். இந்த முறை ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை. அந்த நாலு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து, கலைஞர் சமத்துவப் பெருவிழா நடத்தினார். 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே வந்தார்.

விழாவும் வருகையும் நல்லதுதான். ஆனால் என் மனதில் நிற்பது அந்த இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு. சட்டமன்றத் தேர்தலுக்கு இயந்திரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், ஊராட்சிக்கு இன்னும் சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். தலைவர் சீட்டில் உதயசூரியனும் இரட்டை இலையும் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரிச் சின்னங்கள்தான். கட்சி பார்த்துக் குத்திவிட்டு வர முடியாது, ஆளைப் பார்த்துத்தான் குத்த வேண்டும். யாரை நம் ஊருக்குத் தலைவன் என்று ஏற்கிறோம் என்ற கேள்வி அந்தச் சீட்டில் அப்பட்டமாக நிற்கிறது. நம் ஆட்களுக்கு அதற்குப் பதில் சொல்ல 10 வருஷம் ஆனது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

அதனால்தான் தேர்தல் தள்ளிப்போனால் எனக்குக் கோபம் வருகிறது. 2016-லும் இதே மாதிரி ஆனது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு 2019 கடைசி வரை தலைவரே இல்லை. அன்று சாதி தடுத்தது, இப்போது வழக்கும் வார்டு வரையறையும் காரணம் என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் நம் தெருக்காரரிடம் போய்க் கேட்பதும், ஒன்றிய அலுவலகத்தில் மனுவோடு காத்துக் கிடப்பதும் ஒன்றா? அதுவும் அவ்வளவு பாடுபட்டு உட்கார்ந்த நாற்காலி காலியாகக் கிடக்கலாமா, சொல்.

உங்கள் மாநகராட்சி வார்டில் கவுன்சிலர் எப்படி? ஆள் கண்ணில் படுகிறாரா? விவரமாக எழுது. பொங்கலுக்கு வரும்போது தங்கச்சியையும் பேத்தியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
தவமணி