புற்றுநோயாளியின் இலையிலிருந்து மீனை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோயைச் சாப்பாட்டாலேயே குணப்படுத்த முடியுமா என்று தங்கள் கடிதப் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைப் படித்தோம். டெல்டா மாவட்டங்களில் புற்றுநோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதும், மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊட்ட வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதும் எங்கள் வேலை. எழுதியவர்களில் ஒருவர்கூட, நோயாளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் போகிறது என்று கேட்கவில்லை. எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கிலோ கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தினமும் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,250 முதல் 1,500 கிலோ கலோரி. புரதம் குறைந்தது 50 கிராம், முடிந்தால் 75. இப்போது செல்போனில் சுற்றும் ‘புற்றை உருக்கும்’ உணவுமுறையைப் பார்ப்போம். விடிகாலையில் அருகம்புல் சாறு, பிறகு கேரட், பீட்ரூட் சாறு மூன்று டம்ளர், ஓர் இளநீர், அரை கிலோ பப்பாளி, இரவில் ஒரு பிடி கருப்புக் கவுனியில் கஞ்சி. பால், முட்டை, மீன், சர்க்கரை எதுவும் ஆகாது. கூட்டினால் 600 கிலோ கலோரியைச் சுற்றித்தான் வரும். புரதம் 15 கிராம்கூடத் தேறாது. மீதிக்கு உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும். அடுத்த கீமோவுக்கு உள்ள 21 நாளில் 2 கிலோ இறங்கிவிடும். ‘கெட்ட நீர் வெளியேறுகிறது’ என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். போவது தொடையிலும் தோளிலும் இருக்கும் சதை.

அதன் விளைவு அடுத்த தேதியில் தெரியும். சதை கரைந்தவருக்குக் கீமோவின் பக்கவிளைவு கூடுதல். வெள்ளணுக்கள் ஏறவில்லை என்று மருந்தைத் தள்ளிவைப்பார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். வெற்றிலை, சீவல், புகையிலையோடு வளர்ந்த நம் பகுதியில் வாய்ப்புற்று நிறைய. அதற்குக் கரண்ட் வைப்பது (கதிர்வீச்சுச் சிகிச்சை) 6 முதல் 7 வாரம், வாரத்துக்கு 5 நாள். தலை, கழுத்துப் புற்றில் இந்தக் கால அளவு ஒரு நாள் நீண்டால், கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. சாப்பிட முடியாமல் சோர்ந்து ஒரு வாரம் வராமல் போனவர் எவ்வளவு இழக்கிறார் என்று யோசியுங்கள்.

சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி என்பவர்கள் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் பெயரைச் சொல்கிறார்கள். புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் எடுத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று அவர் 1920களில் கண்டது உண்மை. ஆனால் 1931இல் அவருக்கு நோபல் கிடைத்தது அதற்கல்ல, செல் சுவாசத்துக்கான நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. நாம் சர்க்கரையை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் நிற்காது. சதையிலுள்ள புரதம் கரைந்து வருவதிலிருந்து கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். செல் தன் பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் ‘ஆட்டோஃபேஜி’ பற்றி ஈஸ்ட்டில் நடத்திய ஆய்வுக்காக ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016இல் பெற்ற நோபலையும் இப்படித்தான் பட்டினிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஏற்பாட்டைப் புற்றுச் செல்லும் பிழைத்திருக்கப் பயன்படுத்துகிறது என்பதைச் சொல்வதில்லை. உணவால் ரத்தத்தின் அமிலத்தைக் குறைத்துக் காரத்தன்மைக்கு மாற்றினால் புற்று போகும் என்பதற்கு ஒரு வரி போதும்: என்ன சாப்பிட்டாலும் ரத்தத்தின் பிஎச் (அமில-கார அளவு) 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கும், மாறுவது சிறுநீர்.

இந்த உணவுமுறைகளைச் சோதித்துப் பார்க்காமலே மருத்துவர்கள் மறுக்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சோதித்திருக்கிறார்கள். உணவுமுறை, நொதி மாத்திரைகள், காபி எனிமா மூன்றும் சேர்ந்த கன்சாலஸ் முறையை அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகள் 55 பேரிடம் கீமோவோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2010இல் வந்தது. எந்தச் சிகிச்சை என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 14 மாதம், மற்றவர்களுடையது 4.3 மாதம். புற்றைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட, ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து வரும் லேட்ரைலை 178 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வெளியானது. குறிப்பிடும்படியான பலன் இல்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியது.

நம் ஊர் பொருள்களுக்கு வருவோம். கருப்புக் கவுனி நல்ல அரிசி, பிடித்தால் சாப்பிடட்டும். அது கட்டியைக் கரைக்கும் என்று நோயாளிகளிடம் காட்டிய ஆய்வு கிடையாது. கருப்பைவாய்ப் புற்றுக்கு வயிற்றில் கரண்ட் வைத்து வயிற்றுப்போக்கு இருக்கும் வாரங்களில் தவிடு போகாத அரிசி, கீரை, சிறுதானியம் மூன்றும் போக்கைக் கூட்டும். அப்போது குழைந்த வெள்ளைச் சோறும் மோரும்தான் சரி. அருகம்புல்லை வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் பறிக்கிறார்கள். களைக்கொல்லி தெளித்த வரப்பு எது என்று பறிப்பவருக்குத் தெரியாது. கீமோ ஏற்றிய 7 முதல் 14ஆம் நாள்வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். காய்ச்சாத பச்சைச் சாறு அந்த நேரத்தில் கிருமியை நேராக உள்ளே அனுப்புவதுதான். நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து எடுக்கப்படுவது உண்மையே. ஆனால் ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு ஏறுவது ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம். கொல்லையில் பறித்துக் கஷாயம் வைத்தால் மருந்தளவு வராது, அந்தச் செடியின் நச்சு மட்டும் வரும். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்; அதிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையாக வேண்டாம், கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. பம்பளிமாஸும் சில புற்றுநோய் மாத்திரைகளோடு சேரக் கூடாது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

மருந்தென்றால் பத்தியம் என்பது நம் வழக்கம். மீன் சூடு, முட்டை ஆகாது, கத்தரிக்காய் கரப்பான், தயிர் சளி என்று ஒவ்வொன்றாக எடுத்த பிறகு இலையில் ரசமும் சோறும்தான் மிஞ்சுகின்றன. புற்றுநோயில் இந்த வழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். காலையில் 3 இட்லி, 2 முட்டை, பதினொரு மணிக்கு 200 மில்லி பாலில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை மாவு, மதியம் சோறு, தண்ணீராக இல்லாமல் கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்பு, 100 கிராம் கெண்டையோ விராலோ, நாலு மணிக்குச் சுண்டல், இரவு தயிர்சாதம். புரதம் 70 கிராம் ஆகிவிடும். சைவக்காரர்கள் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாக மீல்மேக்கர் 30 கிராம், பன்னீர் 50 கிராம் சேர்க்கலாம். வாய்ப்புண் வந்தால் காரம், புளி இல்லாமல் எல்லாவற்றையும் மசித்து ஆறவைத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்க வேண்டும்.

மூக்குக் குழாய் போட்டவர்கள் வீட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குழாய் அடைக்கும் என்று பயந்து பருப்புத் தண்ணீரும் இளநீரும் ஊற்றுகிறார்கள். பருப்பின் சத்து சட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. 200 மில்லி பால், வறுத்து அரைத்த அரிசி, பாசிப்பருப்பு மாவு 20 கிராம், சர்க்கரை 2 டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்துக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, உடம்புச் சூட்டில் ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு ஏறக்குறைய 280 கிலோ கலோரி, 9 கிராம் புரதம். இரண்டரை மணிக்கு ஒரு தடவையாக 6 வேளை. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்து ஊற்றி, முடிந்து அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். படுக்கவைத்தால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

மாற்று உணவுமுறையைத் தேடிப் போகிறவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைகளில் ‘நல்லா சாப்பிடுங்க’ என்ற இரண்டு சொல்லோடு அனுப்பிவிடுகிறோம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று வீடியோவில் ஒருவர் சொல்லும்போது அவரை நம்புவது இயல்புதானே? ஒவ்வொரு கீமோ நாளிலும் எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவதையும், அளவுகளோடு ஒரு பக்கத் தமிழ் உணவுத்தாள் கொடுப்பதையும் டெல்டாவின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்தத் தாளை வெளியிட்டால் அச்சுக்கு ஏற்றபடி தயாரித்துத் தருகிறோம்.

அதுவரை வீட்டிலேயே வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் 47.5க்கு வந்துவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் அன்றைக்கே வர வேண்டும். வரும்போது குடிக்கிற சாறு, கஷாயம், பொடி அத்தனையையும் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு உணவியலாளர்கள், செவிலியர்கள்,
தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம்.